பனி வரலாம் என்று சொன்ன நாள்

அண்ணே,

இன்று காலை நாலரை மணிக்கு அஜ்மானிலிருந்து பஸ் கிளம்பியதும் வழக்கம்போல் போனில் வானிலையைப் பார்த்தேன். முதலில் அஜ்மான் வரும். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் உங்கள் ஊர். கனடாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் என் போனை வாங்கி நீங்களே சேர்த்துவிட்டுப் போனது. நீங்கள் இல்லாமல் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. எத்தனையோ பேருடைய நம்பரை அழித்திருக்கிறேன், செத்தவர்கள், சண்டை போட்டவர்கள், கொடுத்த வாக்கை மறந்தவர்கள். அந்த ஊரை மட்டும் அழிக்கக் கை வரவில்லை.

அஜ்மானில் பகலில் முப்பத்திரண்டு என்று போட்டிருந்தது. பிப்ரவரி இன்னும் முடியவில்லை, அதற்குள் ரூமில் ஏசி போட்டாயிற்று. தள்ளிப் பார்த்தேன். உங்கள் ஊரில் நாளைப் பகல் பதிமூன்று. இந்த மாதத்தில் அங்கே தண்ணீர்க் குழாய் உறைந்துகிடக்க வேண்டும். பதிமூன்று, பக்கத்தில் ஒரு சூரியன். அதற்குக் கீழே சிவப்பில் ஒரு வரி: நாளை மாலை பனிப்புயல் வரலாம்.

போன வருடமும் இதே சூரியன், இதே வரிதான். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தேன். பக்கத்தில் இருந்த நேபாளி, இப்போது அவன்தான் என்னோடு ஜோடி, தலை சுற்றுகிறதா என்று இந்தியில் கேட்டான். இல்லை என்றேன். ஒரு வருடமாக எல்லாரிடமும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடமாவது ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் எங்கள் கோல்ட் ஸ்டோருக்கு வந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? ஜெபல் அலியில் ஜூலை மாதத்துப் பகல். வெளியே தார் உருகுகிறது, நீங்கள் தடித்த ஜாக்கெட்டும் காது மூடிய தொப்பியும் போட்டுக்கொண்டு பிரீசர் வாசலில் நிற்கிறீர்கள். சூப்பர்வைசர் உங்களை என்னோடு ஜோடி சேர்த்தார். நீங்கள் கையை நீட்டி, "சுகமோ நானா?" என்றீர்கள். எனக்கு உங்களைவிட நான்கு வயது குறைவு. என்னை எதற்கு நானா என்கிறீர்கள் என்று கேட்டேன். நானா என்றால் அண்ணன், உங்கள் நாட்டில் முஸ்லிம் ஆளை அப்படித்தான் கூப்பிடுவது, வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றீர்கள். ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கம் நாங்கள் அண்ணனைக் காக்கா என்போம் என்றதும், அப்படிக் கூப்பிட்டு வைக்காதீர்கள் என்று அவசரமாகச் சொன்னீர்கள். அதனால்தான் நீங்கள் எனக்கு அண்ணன் ஆனீர்கள், நான் உங்களுக்கு நானா ஆனேன். ஆளுக்கு ஆள் அண்ணன்.

பிரீசருக்குள் மைனஸ் இருபது. தனியாக யாரும் உள்ளே போகக்கூடாது. ஒருவர் உள்ளே, ஒருவர் கதவுக்கு வெளியே. வெளியே நிற்பவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், சரக்கு அடுக்கும் பாலட் கட்டையால் கதவில் தட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் திருப்பித் தட்ட வேண்டும். இருபது நிமிடத்தில் ஆள் வெளியே வந்து சூடு வாங்க வேண்டும். இதெல்லாம் கம்பெனி சட்டம், சுவரில் நாலு மொழியில் ஒட்டியிருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். நீங்கள் அதற்கு மேல் சொந்தமாக ஒன்று சேர்த்தீர்கள். உள்ளே போகும்போது, "உள்ளுக்குப் போறன்" என்பீர்கள். வெளியே வந்ததும், "வந்திட்டன்" என்பீர்கள். நான் எதிரே மலை மாதிரி நிற்கும்போதே சொல்வீர்கள். எனக்குக் கண் தெரிகிறது அண்ணே என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்தான் காரணத்தைச் சொன்னீர்கள். நீங்கள் குவைத்தில் ஃபர்வானியாவில் ரூம் எடுத்திருந்த காலத்தில் வேலை பார்த்த ஒரு கோல்ட் ஸ்டோரில், ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒருவர் வெளியே வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அவர் மறந்துபோன கையுறையை எடுக்கத் திரும்ப உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது, வலது கையில் நாலு விரல் போயிற்று. கதவைச் சாத்தியது நீங்களா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, "கண்ணாலை கண்டதை நம்பாதையுங்கோ நானா. வாயாலை சொன்னதை நம்புங்கோ. சொல்லேல்லை எண்டா ஆள் உள்ளுக்குத்தான்" என்றீர்கள்.

அன்றையிலிருந்து நான் கிண்டலை விட்டேன். நானும் சொல்லத் தொடங்கினேன், என் ஊர்ப் பேச்சில். பதினோரு வருடம் நாம் இருவரும் ஒரு நாளில் பத்துத் தடவையாவது அதைச் சொல்லியிருப்போம். கட்டிய மனைவியிடம்கூட நான் அத்தனை தடவை போகிறேன் வருகிறேன் என்று சொன்னதில்லை.

இத்தனை கவனமான மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம். சூடு. பிரீசரை விட்டு வெளியே வந்த மறுகணம் ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவீர்கள். உள்ளே வேர்த்த வேர்வை ஜாக்கெட்டில் ஊறினால் அடுத்த தடவை அது பனிக்கட்டியாகிவிடும் என்பது தொழில் அறிந்தவர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நீங்கள் அத்தோடு விட மாட்டீர்கள். லோடிங் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பீர்கள். லாரி ஓட்டும் பட்டாணியர்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் சரி என்பீர்கள். லீவு மாற்றிக்கொள்ளவோ, வெள்ளிக்கிழமை சமையலை உங்கள் தலையில் கட்டவோ நான் பார்த்துவைத்திருந்த நேரம் அதுதான். வெயில் முகத்தில் பட்டுவிட்டால் உங்களுக்கு இனி எதுவும் கெட்டது நடக்காது என்று தோன்றிவிடும்.

அஜ்மான் ரூமில் அந்தப் போர்வைக் கூத்து நடந்ததே, அதுவும் ஒரு பிப்ரவரிதான். இரண்டு நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்றாம் நாள் நீங்கள் வேலை விட்டு வந்ததும் குளிர்காலம் முடிந்தது என்று ரூமுக்கே அறிவித்துவிட்டு, உங்கள் தடித்த போர்வையைத் துவைத்துக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் திணித்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டீர்கள். எங்களையும் ஏற்றச் சொன்னீர்கள். நான் சோம்பேறி, ஏற்றவில்லை. மறுநாள் மழை, அதோடு ஒரு காற்று. ஜன்னல் இடுக்கில் துணி வைத்து அடைத்தும் ரூம் நடுங்கியது. நீங்கள் இரண்டு சாரத்தையும் ஒரு துவாலையையும் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். போர்வையை இறக்கட்டுமா என்று கேட்டேன். "குளிர் முடிஞ்சுது எண்டு சொன்னது நான். இனி எந்த முகத்தோடை இறக்கிறது?" என்றீர்கள், திரும்பாமலேயே. நான் என் போர்வையை உங்கள் மேல் வீசிவிட்டு, எழுந்து உங்களுடையதை இறக்கிப் போர்த்திக்கொண்டேன். காலையில் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். ஒரு வாரம் தாங்கியது, அதற்குப் பிறகு எல்லாரும் பேசினார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

வளைகுடாவில் குளிரைத் தப்பாகக் கணித்தால் நஷ்டம் ஒரு ராத்திரித் தூக்கம். அது நமக்குப் பழகிப்போனது.

மகள் கனடாவிலிருந்து பத்திரம் அனுப்பி, நீங்களும் நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியும் அங்கே போகிற நாள் வந்தது. கடைசி டூட்டியன்று ஜாக்கெட்டை ஸ்டோரில் ஒப்படைத்தீர்கள். அங்கே நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஊர்க் குளிர் லேசுப்பட்டதல்ல என்றேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பதினாலு வருசம் பிறீசருக்கை நிண்டனான். எனக்கே குளிர் படிப்பிக்கிறியள்?" என்றீர்கள். குவைத்தில் மூன்று, இங்கே பதினொன்று. கணக்கு சரிதான். நானும் சரிதான் என்று தலையாட்டினேன். நாம் இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தோம் அண்ணே. நாம் பார்த்த குளிருக்கெல்லாம் ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்து வெளியே வந்தால் வெயில் நின்றது. கதவே இல்லாத குளிர் ஒன்று இருக்கும், அது வெயில் அடிக்கிற நாளிலும் பின்னால் வந்து நிற்கும் என்று நமக்கு யாரும் நாலு மொழியில் எழுதி ஒட்டவில்லை.

போன புதிதில் உங்கள் குரல் மெசேஜ் வரும் நேரம் எனக்கு மனப்பாடம். உங்களுக்குக் காலை ஏழு, எனக்கு மாலை நாலு. நான் ஜெபல் அலியில் திரும்பும் பஸ்ஸில் ஏறியிருப்பேன். நீங்கள் அந்தக் காய்கறிக் கிட்டங்கி வேலைக்கு வீட்டை விட்டு இறங்குவீர்கள். "உள்ளுக்குப் போறன் நானா." பனியில் உங்கள் பூட்ஸ் நெரிபடுகிற சத்தம் பின்னால் கேட்கும். ஷார்ஜா நெரிசலில் பஸ் நிற்கும்போது அடுத்தது வரும். "வந்திட்டன்." அங்கே வெளியே போவதுதான் உள்ளே போவது என்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே உங்களுக்குக் கதவுக்கு வெளியே நிற்கிற ஆள். ஒருநாள் இரண்டாவது மெசேஜ் வர நேரமாகி, நான் மூன்று தடவை கூப்பிட்டு, நீங்கள் எடுத்து, பஸ் தாமதம் நானா, நீங்கள் என்ன என் தாயா என்று அலுத்துக்கொண்டீர்கள். அலுப்புத்தான், ஆனால் அடுத்த நாள் மறக்காமல் சொன்னீர்கள்.

மூன்று குளிர்காலம் அப்படிப் போயிற்று. நாலாவதில் அந்த ஞாயிற்றுக்கிழமை.

உங்களுக்கு லீவு. இருந்தாலும் ஏழு மணிக்கு மெசேஜ் வந்தது. குரலில் அந்த லோடிங் சுவர் மயக்கம். "இண்டைக்குப் பதினாலு நானா. பின் வளவிலை பெனியனோடை நிக்கிறன். பனி வரலாம் எண்டு ரேடியோவிலை சொல்லுறாங்கள். வரலாம் எண்டுதான் சொல்லுறாங்கள், வரும் எண்டு சொல்லேல்லை." பின்னால் ஏதோ ஒரு பறவை கத்தியது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? உங்கள் ஆட்கள் சொல்வார்களே, நாக்கில் சனி என்று, அது என் நாக்கில் ஏறி உட்கார்ந்தது. பதில் அனுப்பினேன்: "அப்ப இன்னைக்கு எனக்கு டூட்டி இல்லண்ணே. கதவப் பூட்டிட்டுப் போறேன்."

நீங்கள் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினீர்கள்.

ரூமுக்கு வந்து, சாப்பிட்டு, தொழுதுவிட்டு, போனைச் சத்தமில்லாமல் வைத்துத் தூங்கினேன். நாலு மணிக்கு எழ வேண்டும். உங்கள் பகல் மூன்று மணிக்கு, நான் நல்ல தூக்கத்தில் இருந்தபோது, நீங்கள் முடி வெட்டக் கிளம்பியிருக்கிறீர்கள். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் நம் தமிழ் ஆள் ஒருவருடைய சலூன். எனக்கு டூட்டி இல்லை என்று சொன்ன பிறகும், பழக்கத்தை விடாமல், நாலு விநாடிக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கிறீர்கள். "உள்ளுக்குப் போறன் நானா. முடி வெட்டத்தான்."

அதை மறுநாள் விடிகாலை நாலரை மணிக்குப் பஸ்ஸில் கேட்டேன். இதுதான் நான் ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாதது. கேட்டேன். அதற்குக் கீழே "வந்திட்டன்" இல்லை. அப்போது உங்கள் ஊரில் இரவு ஏழரை. முடி வெட்ட நாலரை மணி நேரமா என்று ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். இதற்குள் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டிருப்பார், சொல்ல மறந்திருப்பார் என்று நானே முடிவு கட்டினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற பொம்மையைப் போட்டுவிட்டு, சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனேன். சொல்லேல்லை எண்டா ஆள் உள்ளுக்குத்தான் என்று பதினோரு வருடம் கேட்ட மனிதன் செய்த வேலை இது.

அந்த நேரத்தில் நீங்கள் விழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சலூனில் பேச்சு சுவாரசியத்தில் இருந்திருக்கிறீர்கள். மழை தூறி, காற்றுத் திரும்பி, மழையே பனிக்கட்டியாகி, பஸ்கள் நின்றுவிட்டன. மெல்லிய ஜாக்கெட்டோடு நடக்கத் தொடங்கி, குறுக்கு வழி என்று பார்க் ஒன்றுக்குள் இறங்கியிருக்கிறீர்கள். அங்கே வழுக்கியிருக்கிறது. அக்காவும் மகளும் நீங்கள் சலூன்காரர் வீட்டிலேயே தங்கிவிட்டதாக நினைத்திருக்கிறார்கள், போனிலும் நீங்கள் அகப்படவில்லை. குளிரில் போன் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியாதா அண்ணே? பிரீசருக்குள் போனைக் கொண்டுபோய் எத்தனை தடவை செத்திருக்கிறது. அதனால்தானே நாம் கட்டையால் தட்டினோம். இரவு பத்து மணிக்குப் பனி அள்ளுகிற வண்டிக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மாலை நாலு மணிக்குப் பஸ்ஸில் ஏறியபோது, வழக்கமாக உங்கள் குரல் வருகிற நேரத்தில், மகளுடைய எழுத்து வந்தது. இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. அப்புறம் உங்கள் நாலு விநாடியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏழரை மணிக்கு நான் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், நீங்கள் எடுக்காமல் இருந்திருந்தால், உடனே அக்காவைக் கூப்பிட்டிருப்பேன். அக்கா சலூன்காரரைக் கேட்டிருப்பார். நீங்கள் அப்போதே கிளம்பிவிட்டதாக அவர் சொல்லியிருப்பார். தேடியிருப்பார்கள். குவைத்தில் அந்த மனிதர் அரை மணி நேரம் கிடந்தும் நாலு விரல் போனதோடு தப்பினாரே. பிழைத்திருப்பீர்களா என்று டாக்டருக்குத்தான் தெரியும். கட்டையை எடுத்துத் தட்ட வேண்டியது என் வேலை. நான் தட்டவில்லை. அது எனக்குத் தெரியும்.

அக்காவிடம் ஒரே தடவை பேசினேன், எல்லாரும் சொல்கிற நாலு வார்த்தை. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. உங்கள் போனை அவர்கள் திறந்து பார்த்திருந்தால், அதில் கடைசியாக என் கட்டைவிரலைப் பார்த்திருப்பார்கள். அதை நினைத்தாலே கை போன் பக்கம் போகாது. வெள்ளிக்கிழமை தொழுகையில் உங்களுக்காகக் கை ஏந்துவேன். அதைச் செய்வதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று அங்கேயே சந்தேகம் வந்துவிடும். வேலையில் மட்டும் பேய் பிடித்தவன் மாதிரி ஆகிவிட்டேன். நேபாளி உள்ளே போனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டுகிறேன். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாய், ஜிந்தா ஹூன்" என்று உள்ளிருந்து கத்துகிறான். உயிரோடுதான் இருக்கிறேன் என்று. வெளியே வந்தபிறகும் அவனை வாயால் சொல்லச் சொல்கிறேன். இந்தத் தமிழனுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று அவன் ஆட்களிடம் சொல்லியிருப்பான். சொல்லட்டும்.

இன்று பகல் முழுக்க அந்தச் சிவப்பு வரி கண்ணுக்கு முன்னால் நின்றது. பிரீசருக்குள் நின்றபோதும் வேர்த்தது. மாலை ஐந்து மணிக்குப் பஸ் ஷார்ஜா பக்கம் ஊர்ந்தபோது, அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே காலை எட்டு. இரண்டு தடவை மணியடித்ததும் எடுத்துவிட்டார். பேரைச் சொல்வதற்கு முன்பே, "தம்பி" என்றார்.

அக்கா, இன்னைக்குப் பனி வரலாம்னு போட்டிருக்கு, வெளிய போகாதீங்க என்றேன். வெளியே வெயில் எறிக்கிறது, ஆனாலும் தனக்குத் தெரியும் என்றார். பத்து மணிக்கு கிளினிக்கில் இரத்தம் எடுக்கப் போக வேண்டுமாம், போய் உடனே வந்துவிடுவாராம். மகள் வேலைக்குப் போயாயிற்று. அப்போது எனக்கு என்ன வந்ததோ, பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டூட்டி இல்லை, கதவைப் பூட்டுகிறேன் என்று விளையாடியது, நாலரை மணிக்கு மெசேஜைக் கேட்டது, கேட்டும் கூப்பிடாமல் தூங்கியது, எல்லாம். முடித்தபோது பஸ் ஒரு சிக்னல் தாண்டியிருந்தது. அக்கா போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"தம்பி," என்றார் பிறகு. "அவரின்ரை பெரிய குளிர் கோட்டை அண்டைக்குக் காலமை தோய்ச்சுக் காயப் போட்டது நான். வெயில் எறிச்சுதெல்லே. இனிக் குளிர் வராது எண்டு நினைச்சன். போகேக்கை கேட்டவர், கோட் எங்கை எண்டு. அது ஈரம், இதைப் போட்டுக்கொண்டு போங்கோ எண்டு மெல்லிசானதை எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"இதை நான் பிள்ளைக்கும் சொல்லேல்லை," என்றார்.

அண்ணே, நான் அழுதேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். அக்கா அஜ்மானில் நம்மோடு இருந்தவரில்லை. விசிட்டில் இரண்டு மாதம் வந்து நீங்கள் வாடகைக்குப் பிடித்த ஒரு சின்ன பிளாட்டில் இருந்ததோடு சரி. அந்த இரண்டு மாதத்தில் நம் போர்வைக் கூத்தை உங்கள் வாயால் கேட்டுத்தான் கற்றுக்கொண்டாரோ, வெயில் அடித்தால் குளிருக்கான துணியைத் துவைத்து வைத்துவிடுவது என்று? கேட்கவில்லை. இதையெல்லாம் கேட்கவா முடியும்? உங்கள் தப்பு இல்லை அக்கா என்று நான் சொல்லவில்லை. அவரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடவும் இல்லை, என் பங்கை வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு பெட்டியைப் பூட்டி வைத்திருந்தது போல இருந்தது. இன்றைக்குத் திறந்தோம், பார்த்தோம், உள்ளே இருந்தது அப்படியே இருக்கிறது.

வைப்பதற்கு முன்னால், ஒன்று கேட்கலாமா என்றேன். பெரிய கோட்டைப் போட்டுக்கோங்க. கிளம்பும்போது உள்ள போறேன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்ததும் வந்துட்டேன்னு சொல்லுங்க. அதை ஏன் என்று அவர் கேட்கவில்லை. தினமும் காலையில் நீங்கள் வாசலில் நின்று போனுக்குள் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பார்.

ஆறரை மணிக்கு ரூமில் இருந்தேன், முதல் மெசேஜ் வந்தது. "உள்ளுக்குப் போறன் தம்பி." அச்சு அசல் உங்கள் சொல். ஆனால் ஒரு பெண்ணின் குரலில், தயங்கித் தயங்கி. ரூமில் புதிதாக வந்திருக்கும் இரண்டு பேர் போர்வையை மடித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்கள். குளிர் போயிருச்சு பாய், ஒங்களதையும் குடுங்க, மேல ஏத்திருவோம் என்றார்கள். இருக்கட்டும் என்றேன். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. இஷாவுக்குப் பாங்கு சொன்னது, எழுந்து தொழுதேன், ஸலாம் கொடுத்ததும் திரும்பிப் போனைத்தான் பார்த்தேன். ஏழே முக்கால். எட்டு. எட்டேகால் ஆனதும் கூப்பிட எடுத்தேன். அப்போது வந்தது.

"வந்திட்டன் தம்பி. பஸ் தாமதம்."

இவ்வளவுதான். இதற்குத்தான் நான் ஒரு வருடம் காத்திருந்தேன் போலிருக்கிறது. அதைக் கேட்டதும் நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அவர் வந்துவிட்டார். நீங்கள் வரவில்லை. அதுதான் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இப்போது இங்கே மணி ஒன்பதரை. அங்கே பகல், பதினான்கு டிகிரி என்று காட்டுகிறது, சூரியன் இன்னும் இருக்கிறது. சிவப்பு வரியும் இருக்கிறது. பனி வருமோ, வராதோ, தெரியாது. நாளையும் அக்காவிடம் கேட்பேன். அதற்கு மறுநாளும் கேட்பேன். அலுத்துக்கொண்டாலும் கேட்பேன், அது உங்களிடமிருந்து வாங்கிக்கொண்ட பழக்கம், இனி விடுகிறதாயில்லை.

அந்த நாலு விநாடி மெசேஜுக்குக் கீழே நான் போட்ட கட்டைவிரலை இன்று அழித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். உங்களை இன்னும் உள்ளே என்றுதான் வைத்திருக்கிறேன். வாயால் சொல்லாத ஆளை வெளியே வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடாது, உங்கள் சட்டம். நான் இங்கேதான் நிற்கிறேன். கதவைப் பூட்டவில்லை. அது விளையாட்டுக்குச் சொன்னது, அண்ணே.